சத்தம் அடங்கினால் எடுக்கலாம்: பலகாரக் கேள்வி பதில்

முறுக்கு, சீடை, தட்டை, மிக்ஸர் வகைகள் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கப் என்று வரும் இடமெல்லாம் 200 மில்லி. டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. எல்லாமே தலைதட்டி அளந்த அளவு.

தேன்குழலுக்கு 4 கப் அரிசி மாவு, அரை கப் வறுத்த உளுத்தம் மாவு, 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெய். அளவு பிசகாமல்தான் போட்டேன். கடித்தால் பல் ஆடுகிறது. எங்கே தப்பு?
ஒரு வாசகி, மதுரை

அளவில் தப்பே இல்லை. வெண்ணெயை எப்போது சேர்த்தீர்கள், தண்ணீர் எவ்வளவு விட்டீர்கள், அடுப்பை எப்படி வைத்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

வெண்ணெயைத் தண்ணீருக்கு முன்னால் சேர்க்க வேண்டும். அரிசி மாவு, உளுத்தம் மாவு, பொடி உப்பு, பெருங்காயம், சீரகம் எல்லாவற்றையும் கலந்து, அதில் வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் நன்றாக விரவுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். மாவுத் துகள் மேல் வெண்ணெய் பூசிக்கொண்ட பிறகு தண்ணீர் விட்டால் மாவு இறுகிப் பிடிக்காது; கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது. முதலில் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிட்டு, "அடடா, வெண்ணெயை மறந்துவிட்டோமே" என்று மேலே தடவினால் வெண்ணெய் போட்ட பலன் பாதிகூடக் கிடைக்காது.

அடுத்தது தண்ணீர். அச்சைப் பிழிய நெஞ்சைக் கொடுத்து அழுத்த வேண்டியிருந்ததா? அப்படியானால் மாவு கெட்டி. கெட்டி மாவில் பிழிந்த முறுக்கு கெட்டியாகத்தான் வரும். பிசைந்த உருண்டையை விரலால் அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் குழி விழ வேண்டும். அச்சில் ஒரு கையால் சுற்றும் அளவுக்கு இளக்கமாக இருக்கட்டும். பாக்கெட் மாவு நன்றாக உலர்ந்தது, தண்ணீரை மெதுவாக இழுக்கும். அதனால் பிசைந்து 5 நிமிடம் மூடி வைத்து, மறுபடி தொட்டுப் பாருங்கள். வறண்டிருந்தால் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அடுப்பு. சிவந்துவிடுமோ என்று பயந்து சிறு தீயில் வெகுநேரம் வேகவிட்டால் முறுக்கு காய்ந்து கட்டையாகும். கடுகளவு மாவைக் கிள்ளிப் போட்டால் அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வர வேண்டும். போட்ட மாத்திரத்தில் சிவந்தால் சூடு அதிகம், அடியிலேயே கிடந்தால் போதாது. வெப்பமானி வைத்திருப்பவர்கள் 165 முதல் 170 டிகிரி செல்சியஸ் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது எடுப்பது என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். போட்டதும் எழும் 'சொர்ர்' சத்தமும் நுரையும் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறுவதால் வருபவை. சத்தம் அடங்கி, பெரிய குமிழிகள் போய் ஓரத்தில் சின்னச் சின்னதாக நாலு குமிழி வரும் நேரம்தான் எடுக்கும் நேரம். தேன்குழல் அப்போதும் வெள்ளையாகவே இருக்கலாம். அதுதான் அழகும்.

மாவு வீட்டிலேயே தயாரிக்க ஆசை. ஈர அரிசியா, காய்ந்த அரிசியா? எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்?
ஒரு வாசகி, திருநெல்வேலி

பச்சரிசியைக் கழுவி 1 மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, பழைய வேட்டியில் நிழலில் பரப்புங்கள். அரை மணிக்குப் பிறகு கையில் அள்ளி விடுங்கள். உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், அரிசி ஒட்டக் கூடாது. இந்தப் பதத்தில் அரைத்த மாவு மெல்லியதாக இருக்கும். கைமுறுக்குக்கும் சீடைக்கும் இதற்கு ஈடு கிடையாது.

வறுப்பதற்கு நிமிடக் கணக்கு சொல்ல முடியாது. அது மாவின் ஈரத்தையும் வாணலியின் கனத்தையும் பொறுத்தது. கோலப் பதம்தான் அளவு. சிறு தீயில் கைவிடாமல் வறுத்துக்கொண்டே இருங்கள். ஆவி அடங்கும் நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் கோடு இழுங்கள். கோலமாவு போல அறுந்து போகாமல் இழைந்து விழுந்தால் இறக்கிவிடலாம். துளித்துளியாக, திட்டுத்திட்டாக விழுந்தால் ஈரம் பாக்கி. நிறம் மாறும்வரை வறுத்தால் மாவுக்கு ஒட்டும் தன்மை போய், பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும்.

இறக்கியதும் வேறு தட்டில் கொட்டி ஆறவிட்டு, சன்னச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். உளுந்தைத் தனியாக, வாசம் வந்து லேசாகப் பொன்னிறம் தொடும்வரை மட்டும் வறுத்து நைஸாக அரைக்கவும். சிவக்க வறுத்தால் முறுக்கும் சிவக்கும்.

ரைஸ் மில்லில் கொடுப்பதானால், முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துத் தந்தால் தேன்குழல் காரமுறுக்கு ஆகிவிடும். அரிசி அரைத்தவருக்குப் பின்னால் நிற்பதே நல்லது.

முறுக்கு எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைகிறது. மிச்சம் இருப்பதும் எண்ணெய் குடித்து வழிகிறது.
ஒரு வாசகர், சேலம்

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: வெண்ணெய் அல்லது காய்ச்சி ஊற்றிய எண்ணெய் அதிகம். 1 கப் மாவுக்கு 1 டேபிள்ஸ்பூன் தாண்டாதீர்கள். மாவு பிசைந்தாகிவிட்டதென்றால், வெண்ணெய் சேர்க்காத அரிசி மாவு கொஞ்சம் எடுத்து, தண்ணீர் தெளித்து அதனுடன் சேர்த்துப் பிசைந்தால் சரியாகும். ஆப்ப சோடா போட்டிருந்தால் அதுவும் எண்ணெயை இழுக்கும். முறுக்கு வகை எதற்கும் சோடா தேவையில்லை.

இன்னொன்று கவனியுங்கள். வேகும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. எடுத்த பிறகு ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை முறுக்கு உள்ளே உறிஞ்சுகிறது. அதனால் கடைசி அரை நிமிடம் தீயைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டி, ஜல்லிக் கரண்டியில் எடுத்து வாணலி மேலேயே 10 நொடி சாய்த்துப் பிடியுங்கள். பிறகு வடிதட்டில் படுக்கவைக்காமல் ஓரத்தில் சாய்த்து நிறுத்தி வடியவிடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்தால் மேலே இருப்பதன் எண்ணெய் கீழே இருப்பதில் இறங்கும்.

சென்ற கோகுலாஷ்டமிக்குச் சீடை வெடித்து எண்ணெய் கூரைவரை தெறித்தது. பயத்தில் இந்த வருடம் கடையில் வாங்கிவிடலாமா என்று இருக்கிறேன்.
ஒரு வாசகி, கும்பகோணம்

பயம் நியாயமானது. ஆனால் வெடிப்பதைத் தடுக்க முடியும்.

சீடை சின்ன உருண்டை. எண்ணெயில் விழுந்ததும் வெளிப்பக்கம் ஓடுபோல் இறுகும், உள்ளே ஈரம் இருக்கும். அது ஆவியாகி வெளியேற வழி இருந்தால் பிரச்சினை இல்லை. வழி இல்லாவிட்டால் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும். ஆகவே செய்ய வேண்டியது இரண்டு: உள்ளே இருக்கும் ஈரத்தைக் குறைப்பது, ஆவிக்கு வழி விடுவது.

2 கப் வறுத்த அரிசி மாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் வறுத்த உளுத்தம் மாவு, 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல், 2 டீஸ்பூன் எள், பெருங்காயம், உப்பு. மாவு இரண்டையும் கலந்து இரண்டு முறை சலியுங்கள். சல்லடையில் தங்கும் குருணையைத் திரும்பப் போடவே கூடாது. ஒரு சின்னக் கட்டி, ஒரு கரையாத உப்புக்கல் போதும், அதைச் சுற்றி ஈரம் சேர்ந்து வெடிக்கும். உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும். தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் ஈரம் போகப் பிரட்டிக்கொள்ளவும். கடலைப் பருப்பு சேர்க்கிறீர்கள் என்றால் ஊறியதைத் துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள்.

உருட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். சீடைக்கு அழகு கூடாது. உள்ளங்கையில் வைத்து அழுத்தி, கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று உருட்டினால் ஆவி போக ஒரு வழியும் இருக்காது. விரல் நுனிகளுக்கு நடுவே லேசாக உருட்டி, மேலே மயிரிழை வெடிப்புகளோடு அப்படியே விடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றையும் பல்குத்தும் குச்சியால் ஒரு குத்து குத்திவிடலாம். பொழுது போகும், ஆனால் நிம்மதி.

உருட்டியதைத் துணியில் 15 அல்லது 20 நிமிடம் உலரவிட்டால் போதும். காலையில் உருட்டி மாலையில் போடலாம் என்று மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மேல்தோல் காய்ந்து முன்கூட்டியே ஓடு கட்டிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

எண்ணெய் புகையக் காயக் கூடாது. மிதமான சூட்டில் முதலில் மூன்றே மூன்று சீடை போட்டு, ஒரு தட்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். அவை சமர்த்தாக வெந்தால் அடுத்த ஈடு ஒரு கைப்பிடி போடலாம். வெடித்தால் எடுத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் குச்சியால் குத்தியே போடுங்கள். போட்டதும் கிளறாமல் 1 நிமிடம் விட்டு, பிறகு விடாமல் திருப்பிக்கொடுங்கள். ஒரு ஈடு வேக 8 முதல் 10 நிமிடம் ஆகும். வெந்த சீடை கரண்டியில் கலகலவென்று ஒலிக்கும்.

குழந்தைகள் அடுப்பங்கரையில் வேண்டாம். எண்ணெய் தெறித்துச் சுட்டால் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, மை எதுவும் தடவ வேண்டாம்.

தட்டை ஓரம் மொறுமொறு, நடுவில் சவசவ. சில தட்டைகள் பூரி மாதிரி உப்புகின்றன.
ஒரு வாசகி, ஈரோடு

நடுவில் தடிமன். எல்லோரும் விரலை நடுவில் ஊன்றித் தட்டுவதாக நினைத்து ஓரத்தையே மெல்லிசாக்குகிறோம். உருண்டையைத் துணியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, அடி தட்டையான கிண்ணத்தால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். 2 மில்லிமீட்டர் போதும். துணியில் தட்டுவதற்குக் காரணம் உண்டு: மேல் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டால் உப்பாது.

கடலைப் பருப்பை அரை மணிக்கு மேல் ஊறவிட வேண்டாம். பருப்பு சொதசொதவென்று இருந்தால் அதைச் சுற்றி மட்டும் மாவு வேகாமல் நிற்கும், மூன்றாம் நாள் அந்த இடத்திலிருந்துதான் தட்டை நமக்கும். 2 கப் அரிசி மாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவும் 2 டேபிள்ஸ்பூன் உளுத்தம் மாவும் சேர்த்தால் கடிக்க இதமாக இருக்கும்.

ஓமப்பொடி அச்சில் அடைத்துக்கொள்கிறது.
ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஓமத்தை முழுதாகவோ, கொரகொரப்பாகப் பொடித்தோ போட்டால் அடைக்கத்தான் செய்யும். 1 டேபிள்ஸ்பூன் ஓமத்தை அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் 2 கப் கடலை மாவும் அரை கப் அரிசி மாவும் பிசையுங்கள். மாவு முறுக்கு மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்ட வேண்டும். இழை மெல்லியது என்பதால் நொடியில் கருகும். நுரை அடங்கியதும் திருப்பி, அடுத்த சில நொடிகளில் எடுத்துவிடுங்கள். தட்டில் வைத்த பிறகும் நிறம் சற்றுக் கூடும்.

பூந்திக்கு வால் முளைக்கிறது!
ஒரு வாசகி, விழுப்புரம்

வால் வந்தால் மாவு கெட்டி, தட்டையாக விழுந்தால் நீர்த்துவிட்டது. 1 கப் கடலை மாவுக்கு 1 டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, தண்ணீர் அரை கப்பில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு சொட்டு எண்ணெயில் விட்டுப் பார்த்து, உருண்டையாக மிதந்தால் நிறுத்துங்கள். பூந்திக் கரண்டியை எண்ணெய்க்கு நாலைந்து அங்குலம் மேலே பிடிக்கவும். கீழே இறக்கினால் ஆவி பட்டுக் கண்களிலேயே மாவு வெந்து அடைக்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் கரண்டியைக் கழுவி, அடிப்பக்கம் ஈரமில்லாமல் துடைத்த பிறகே அடுத்தது. சோம்பேறித்தனப்பட்டால் இரண்டாவது ஈட்டிலேயே வால் வந்துவிடும்.

முதல் ஈடு முறுக்கு வெள்ளை, கடைசி ஈடு செம்மண் நிறம். ஒரே மாவுதான்.
ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ஒரே மாவுதான், ஆனால் பிசைந்து வைத்து ஒரு மணி நேரமாகியிருக்கும். ஈரமாவு நேரமாக ஆக நிறம் கூடும். வெண்ணெய் விரவிய உலர்ந்த மாவை நாலு பங்காக்கி, ஒரு பங்கு தீரும்போது அடுத்ததில் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். எண்ணெயில் கிடக்கும் தூளும் கருகி நிறம் ஏற்றும். ஈட்டுக்கு ஒருமுறை அரித்து எடுத்துவிடுங்கள்.

மணப்பாறை முறுக்கை இரண்டு தடவை பொரிப்பார்களாமே? வீட்டில் செய்யலாமா?
ஒரு வாசகர், திருச்சி

உங்கள் பக்கத்து ஊர்ச் சரக்கு, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆம், அரைவேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு மறுபடி பொரிப்பதுதான் அங்கே வழக்கம். முதல் முறையில் உருவம் இறுகி, ஆறும் நேரத்தில் நடுவில் இருக்கும் ஈரம் வெளிப்பக்கம் பரவுகிறது. இரண்டாவது முறை அதைப் பொரித்து விரட்டிவிடலாம். அதனால் தடித்த முறுக்கும் நடுவரை கரகரக்கும், பல நாள் நிற்கும்.

வீட்டில் மிதமான சூட்டில், சத்தம் பாதி குறைந்ததும் எடுத்து, 15 நிமிடம் ஆறவிட்டு, அதைவிடக் காய்ந்த எண்ணெயில் (175 டிகிரி அளவு) மறுபடி போட்டு நிறம் பிடித்ததும் எடுங்கள். தடிமனான முறுக்குக்கும் கார சேவுக்கும் இது பலன் தரும். ஓமப்பொடி, தேன்குழலுக்கு வீண் வேலை.

டப்பாவில் போட்ட மூன்றாம் நாளே நமத்துப் போகிறது. அப்படிப் போனதை என்ன செய்வது?
ஒரு வாசகி, சென்னை

கடற்கரை ஊரில் காற்றே பாதி தண்ணீர். பொரித்ததைப் பரப்பி ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். அதே சமயம் கைச்சூடு இருக்கும்போது மூடினால் உள்ளே வியர்த்து நமக்கும். விரித்து வைத்து 1 மணி நேரம் ஆறவிட்டு, தொட்டால் சூடே தெரியாதபோது காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஒரே பெரிய டப்பா வேண்டாம். நாலு சின்ன டப்பாவில் பிரித்தால் ஒன்றைத் திறக்கும்போது மற்ற மூன்றும் பத்திரம். தேங்காய் சேர்த்ததை முதலில் தீர்த்துவிடுங்கள், அதுதான் சீக்கிரம் காறும்.

நமத்ததை ஓவனில் 150 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம் வைத்து, வெளியே எடுத்து ஆறவிடுங்கள். சூட்டோடு கடித்துப் பார்த்து இன்னும் நமத்திருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்; ஆறினால்தான் மொறுமொறுப்பு திரும்பும். ஓவன் இல்லாவிட்டால் கனத்த வாணலியில் சிறு தீயில் பிரட்டலாம். காறல் வாடை வந்துவிட்டால் இது எதுவும் உதவாது, கொட்டிவிடுங்கள்.

உருளைக்கிழங்கு சிப்ஸ் திட்டுத்திட்டாகக் கறுக்கிறது. எண்ணெயை மாற்றியும் பார்த்தாகிவிட்டது.
ஒரு வாசகர், ஓசூர்

கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தீர்களா? குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், சர்க்கரை எண்ணெயில் கறுக்கும். இனிப்பு லேசாகத் தெரிந்தால் அதுதான் காரணம். வெளியே இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைத்த முதிர்ந்த கிழங்கைச் சீவி, நீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசி, துணியில் முழுக்க ஈரம் ஒற்றிப் போடுங்கள். உப்பு பொரித்து எடுத்த பிறகு.

மிச்ச எண்ணெயை எத்தனை தடவை பயன்படுத்தலாம்? நடுவில் எண்ணெய் நுரைத்துப் பொங்கவும் செய்கிறது.
ஒரு வாசகி, நாகர்கோவில்

பொங்குவதற்கு முதல் காரணம் கூட்டம்: ஒரே நேரத்தில் நிறையப் போடுவது, மாவில் ஈரம் மிகுதி. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். செக்குக் கடலை எண்ணெய் ரீஃபைண்டைவிட அதிகம் நுரைக்கும், அது அதன் குணம். ஆனால் சரக்கை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நின்றால் எண்ணெய் கெட்டுவிட்டது. கறுத்துப் பிசுபிசுப்பது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவது, நெடி அடிப்பது எல்லாமும் அதே கதைதான்.

பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைக்காரர்களைச் சோதிக்க அதற்குக் கருவி உண்டு, வீட்டில் கண்ணும் மூக்கும்தான். வீட்டளவில் எளிய வழி, மிச்சமே விழாமல் பார்ப்பது. அகலமான வாணலியில் 2 லிட்டர் ஊற்றுவதற்குப் பதில் குழிவான சின்ன இருப்புச் சட்டியில் அரை லிட்டர் ஊற்றி, ஈட்டுக்கு ஒன்றிரண்டாகப் போடுங்கள். குறையக் குறையப் புது எண்ணெய் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கிண்ணம் மிஞ்சும். அதை ஆறியதும் துணியில் வடிகட்டி, மூடி வைத்து, ஒரு வாரத்துக்குள் தாளிக்கவும் வதக்கவும் தீர்த்துவிடலாம். கெட்டதைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம், குழாயில் உறைந்து அடைக்கும். பழைய பாட்டிலில் நிரப்பி மூடிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.